மகளின் காதுக்கு எச்66.3 போட்டது சரியா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் சளி பிடித்து, நாலாம் நாள் இடது காதில் வலி வந்தது. காய்ச்சல், இரவெல்லாம் அழுகை. காலையில் பார்த்தால் தலையணையில் சீழ். கிளினிக் மருந்தில் காய்ச்சல் இறங்காததால் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு இரவு வைத்திருந்தோம். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. மருத்துவமனை ஜிஎல் (பில்லைத் தாங்களே கட்டுவதாக இன்சூரன்ஸ் தரும் உறுதிக் கடிதம்) கேட்டபோது இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. படிவத்தில் எச்66.3 என்று இருக்கிறதாம், அது நாள்பட்ட நோயாம், கார்டு எடுப்பதற்கு முன்பே இருந்திருக்குமாம். பில்லை நாங்களே கட்டினோம். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தடவை, போன வருடம் ஒரு தடவை காது வலி வந்து கிளினிக் மருந்திலேயே சரியானது. நர்ஸ் மலாயில் விசாரித்தபோது ‘டுலு பூன் அடா’ (முன்பும் வந்ததுண்டு) என்று நான்தான் சொன்னேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகனுக்கும் இதே போல் வந்ததாம். அங்கே எச்66.012 என்று போட்டு, இன்சூரன்ஸ் பணமும் கிடைத்துவிட்டதாம். இங்கே எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா? டாக்டரிடம் சொல்லி மாற்றச் சொல்லலாமா? அப்படியே, என் அப்பாவின் ரிப்போர்ட்டில் ஐ10, இ11.9, இ78.5 என்று இருக்கிறது. அவை என்ன என்றும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, மகளுக்கு இப்போது காது எப்படி இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சீழ் நின்றிருந்தாலும் டாக்டர் கொடுத்த தேதியில் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். செவிப்பறையில் சீழ் கிழித்த துளை மூடிவிட்டதா, காது சரியாகக் கேட்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையால் உங்கள் கிளெய்முக்கும் ஒரு நன்மை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். அதுவரை வீட்டுப் பெரியவர்கள் யாரும் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செவிப்பறையில் துளை இருக்கும்போது எண்ணெய், தண்ணீர் எதுவும் உள்ளே போகக்கூடாது.

நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எழுதும் நோய்ப் பெயர்களைப் படித்து அவற்றுக்குக் குறியீட்டு எண் போடும் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் பினாங்கில் இருந்தேன், இப்போது கோலாலம்பூரில். அந்த நாற்காலியிலிருந்து சொல்வதென்றால், எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். டாக்டர் எழுதிய நோய்ப் பெயர் மகளின் காதில் அவர் பார்த்ததோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பெயர் திருந்தினால் எண் தானாகத் திருந்தும். பெயரைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றினால் அது பொய்க் கணக்கு. மருத்துவமனையும் செய்யாது, செய்தால் மாட்டிக்கொள்பவர்களில் நீங்களும் ஒருவர்.

எங்களுக்கு அடிப்படை, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற வகைப்பாடு. நோய்கள் எல்லாவற்றுக்கும் அதில் ஓர் எழுத்தும் சில எண்களும் உண்டு. காதுக்கு எச்60 முதல் எச்95 வரை. (எச்59 வரை கண்ணுக்கு. ஒரே எழுத்தைக் கண்ணும் காதும் பங்கு போட்டுக்கொண்டுள்ளன.) நீச்சல் குளத்துக்குப் போய்வந்து காதுக் குழாய் புண்ணானால் எச்60. குரும்பி அடைத்துக்கொண்டால் எச்61.2. பிள்ளை பாசி மணியைக் காதுக்குள் தள்ளிவிட்டால் அது காது நோயே இல்லை, விபத்துப் பகுதிக்குப் போய் டி16 ஆகிவிடும். நடுக்காதில் சீழ் இல்லாமல் நீர் மட்டும் தேங்கினால் எச்65. சீழ் பிடித்தால் எச்66.

உங்கள் சிக்கல் முழுவதும் இந்த எச்66க்குள்தான். திடீரென்று வந்த சீழ் எச்66.0. நாள்பட்ட சீழுக்கு எச்66.1, 66.2, 66.3 என்று மூன்று. எந்த வகை என்றே சொல்லாமல் பொதுவாக எழுதியிருந்தால் எச்66.9. டாக்டர்கள் இவற்றை முழுப் பெயரில் எழுதுவது அபூர்வம். ஏஎஸ்ஓஎம் (திடீர் நடுக்காதுச் சீழ்) என்று கிறுக்கியிருந்தால் நாங்கள் எச்66.0 போடுவோம். சிஎஸ்ஓஎம் (நாள்பட்ட நடுக்காதுச் சீழ்) என்றிருந்து, வேறு விவரம் எதுவும் இல்லையென்றால் எச்66.3. வெறும் ஓஎம் (நடுக்காது அழற்சி) என்றால் எச்66.9. ஏஎஸ்ஓஎம், சிஎஸ்ஓஎம் இரண்டுக்கும் முதல் எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். இரவு பத்து மணிக்கு, நாலு பேரைப் பார்த்து முடித்த கையோடு எழுதும்போது அந்த எழுத்து எப்படி வேண்டுமானாலும் விழும்.

எங்கள் கையும் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் குறிப்புகளைப் படித்துவிட்டு ‘இது நாள்பட்டது மாதிரி தெரியவில்லையே’ என்று நாங்களே வேறு எண் போட முடியாது. சந்தேகம் வந்தால் டாக்டருக்கு எழுதிக் கேட்க வேண்டும், அவர் பதில் எழுத வேண்டும். இன்னொன்று, ஜிஎல் படிவத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் எங்கள் பிரிவுக்கு வருவதற்கு முன்பே போடப்பட்டது. அட்மிஷன் கவுண்டரில், நோய் இன்னும் உறுதியாகாத நேரத்தில் அனுப்பும் படிவம் அது. டிஸ்சார்ஜ் சம்மரி வந்த பிறகுதான் கடைசி எண் முடிவாகும். ஆகவே இன்சூரன்ஸ் பார்த்தது எந்தத் தாள், எந்த நேரத்துத் தாள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற்கெனவே வேறு பெயர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம் மெடிக்கல் ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கேட்பார்கள், கொடுங்கள். தனியார் மருத்துவமனை உங்கள் பிள்ளையைப் பற்றி வைத்திருக்கும் தகவலைப் பார்க்கவும், பிழை இருந்தால் திருத்தச் சொல்லவும் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

நகல் கைக்கு வந்ததும் இரண்டு இடத்தைத் தேடுங்கள். ஒன்று, சீழ் எத்தனை நாளாக என்பது. அங்கே ஒரு பின்னம் இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் ஊர் டாக்டர்கள் நாளை ஏழின் மேலும், வாரத்தை ஐம்பத்திரண்டின் மேலும், மாதத்தைப் பன்னிரண்டின் மேலும் எழுதுவார்கள். 1/7 என்றால் ஒரு நாள், 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மகளின் தாளில் 1/7 அல்லது 2/7 இருக்க வேண்டும். அங்கே 2/12 என்று இருந்தால், யாரோ எங்கேயோ தப்பாகக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்து எழுதிய வரி. செவிப்பறை சிவந்து புடைத்திருக்கிறது, சிறு துளை வழியாகச் சீழ் வருகிறது என்ற பொருளில் இருந்தால் அது புதிதாக வந்த நோயின் அடையாளம். விளிம்பு ஆறிப்போன துளை, தடித்த சவ்வு என்றெல்லாம் இருந்தால் அது பழைய கதை. நாள்பட்டது என்று சொல்ல எத்தனை நாள் ஒழுக வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே அளவு கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு வாரம் என்று வைத்தது, காது மூக்கு தொண்டை நிபுணர்கள் பலர் அதைவிட நீண்ட காலம் பார்க்கிறார்கள். எந்த அளவை வைத்தாலும் ஒரு ராத்திரிச் சீழ் அதில் சேராது.

‘டுலு பூன் அடா’ என்று சொன்னதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். முன்பு வந்தது உண்மை, உண்மையைச் சொன்னீர்கள். ஆனால் வந்து, முழுக்க ஆறி, பிறகு புதிதாக வருவது வேறு. ஆறாமலே மாதக்கணக்கில் ஒழுகுவது வேறு. சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சளி பிடிக்கும்போதெல்லாம் காதுக்கு இறங்குவது சகஜம். ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருடத்தில் நாலு தடவை வந்தால்தான் டாக்டர்கள் அதைத் திரும்பத் திரும்ப வரும் காதுச் சீழ் என்று தனியாகக் கவனிப்பார்கள். அப்படி வந்தாலும் நாம் பயன்படுத்தும் ஐசிடி-10ல் ஒவ்வொரு தடவையும் எச்66.0தான், எச்66.3 ஆகிவிடாது. மகளுக்கு அந்த அளவுக்கே வரவில்லை.

இப்போது முதலில் சொன்ன அந்த நன்மைக்கு வருகிறேன். சளியோடு வந்த சீழ் கிழித்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். மறுபரிசோதனையில் துளை மூடி, காது உலர்ந்திருக்கிறது என்று நிபுணர் எழுதிக்கொடுத்தால் அது நாள்பட்டது இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மாறாக, துளை அப்படியே இருக்கிறது, பழையதாகத் தெரிகிறது என்று அவர் சொன்னால் இன்சூரன்ஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்போது சண்டையை விட்டுவிட்டுச் சிகிச்சையைப் பாருங்கள்.

டாக்டரைப் பார்க்கும்போது ‘சிஎஸ்ஓஎம் என்று எழுதியிருக்கிறீர்களே டாக்டர், சீழ் முந்தைய நாள்தான் வந்தது, முன்பு வந்த இரண்டும் ஆறிவிட்டன, இதோ கிளினிக் கார்டு’ என்று காட்டிக் கேளுங்கள். மூன்று வயதில் போன கிளினிக்கிலும் போன வருடம் போன கிளினிக்கிலும் வருகைத் தேதியும் மருந்தும் எழுதிய ஒரு துண்டுத் தாளாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஒத்துக்கொண்டால் பழைய வரியை அடிக்க மாட்டார், அடிக்கவும் கூடாது. தேதியும் கையெழுத்தும் போட்டுத் திருத்தக் குறிப்பு ஒன்று சேர்ப்பார். அது எங்கள் மேசைக்கு வந்தால் எண்ணை நாங்கள் மாற்றுவோம்.

பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். எண் மாறிவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது, கார்டின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் விற்கும் மெடிக்கல் கார்டுகளில் பெரும்பாலும் முதல் 30 நாளைக்கு விபத்தைத் தவிர எதுவும் கிடைக்காது. குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, கட்டிகள், கல், குடலிறக்கம், மூலம் என்று போகும் அந்தப் பட்டியலில் காது, மூக்கு, தொண்டை நோய்கள் மொத்தமாக அடங்கும். நாள்பட்டதா புதிதா என்ற பேச்சே அதில் இல்லை. உங்களுக்கு இப்போது ஐந்து மாதம், ஆனால் காது வலி வந்தது போன மாதம். அப்போது 120 நாள் தாண்டியிருந்ததா என்பது மயிரிழைக் கணக்கு. அதனால் ஏஜென்டிடம் முதல் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணாமல், பாலிசியில் அச்சடித்திருக்கும் தொடக்கத் தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். போன வருடத்துக் காது வலி கார்டுக்கு முன்பா பின்பா என்றும் பாருங்கள். பின்பு என்றால் அது அந்த 120 நாளுக்குள் விழுந்திருக்கலாம், அவர்கள் அதைக் கேட்பார்கள்.

முன்பு என்றால் வேறொரு கேள்வி வரும். கார்டு எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பத்தில் பிள்ளைக்குக் காது நோய் வந்ததுண்டா என்று கேட்டிருந்ததா, நீங்கள் என்ன எழுதினீர்கள்? நிதிச் சேவைச் சட்டம் 2013இன்படி, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராமல் நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது வாடிக்கையாளரின் கடமை. அந்தப் படிவத்தைப் பெரும்பாலும் ஏஜென்ட்தான் டேப்லெட்டில் டிக் செய்துகொண்டே போவார், நாம் கடைசியில் கையெழுத்துப் போடுவோம். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தால் அந்தக் கையெழுத்து உங்களுடையது. படிவத்தின் நகலை வாங்கிப் படித்துவிட்டு மேல்முறையீட்டுக்குப் போங்கள்.

ஜிஎல் மறுத்ததும் கிளெய்மையே மறுத்ததும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஜிஎல் இல்லாமல் கட்டிய பில்லை அசல் ரசீது, மெடிக்கல் ரிப்போர்ட், டாக்டரின் திருத்தக் குறிப்பு, மறுபரிசோதனை முடிவு எல்லாவற்றோடும் சேர்த்துத் திரும்பக் கேட்கலாம். அப்போதும் மறுத்தால் எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனத்தின் புகார்ப் பிரிவிடம் போய், அவர்களுடைய இறுதிப் பதிலும் சாதகமாக இல்லையென்றால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவை என்ற புகார் தீர்க்கும் அமைப்பிடம் ஆறு மாதத்துக்குள் கொண்டுபோகலாம். 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. நமக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

உங்கள் அக்கா சொன்ன எண்ணுக்கு வருகிறேன். எச்66.012 என்று நம் ஊரில் தேடினாலும் கிடைக்காது. ஐசிடி-10ஐ அமெரிக்கர்கள் தங்களுக்கென்று விரித்துச் செய்த பதிப்பில் உள்ள எண் அது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதன் கடைசி எண்கள் வரை பொருள் உண்டு: திடீர்ச் சீழ், செவிப்பறை தானே கிழிந்தது, இடது காது. வலது காது என்றால் 011, இரண்டும் என்றால் 013. அங்கே ஒவ்வொரு கிளினிக் வருகைக்கும் இந்த எண்ணை வைத்துத்தான் பில் போகிறது, அதனால் எந்தக் காது என்பது வரை கேட்கிறார்கள். நாம் பயன்படுத்தும் உலகச் சுகாதார நிறுவனப் பதிப்பில் வலது, இடது எண்ணுக்குள் வராது, டாக்டரின் எழுத்தில்தான் இருக்கும். எனவே உங்கள் தாளில் இடது காது எண்ணாக இல்லாதது குறையில்லை. ஆனால் அக்கா மகனின் எண்ணிலிருந்து ஒன்று தெரிகிறது. அங்கே டாக்டர் ‘திடீர்’, ‘கிழிந்தது’, ‘இடது’ என்ற மூன்றையும் எழுதியிருக்கிறார். இங்கேயும் அப்படி எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது. இணையத்தில் காது எண்களைத் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பக்கங்கள்தான். அவற்றைப் பிரிண்ட் எடுத்துக் கவுண்டரில் நீட்டாதீர்கள், பேச்சு திசை மாறிப்போகும்.

அப்பாவின் எண்களில் பயப்பட ஒன்றும் இல்லை, நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேரின் ஃபைலில் இருப்பவைதான். ஐ10 கார் மாடல் இல்லை, இரத்த அழுத்தம். இ78.5 கொழுப்பு அதிகம், எந்த வகை என்று பிரித்து எழுதவில்லை. இ11 இரண்டாம் வகை நீரிழிவு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எச்66.9இல் ஒன்பது என்றால் விவரம் போதவில்லை என்று பொருள். இ11.9இல் அதே ஒன்பதுக்குப் பொருள் வேறு, பின்விளைவு எதுவும் இல்லை என்பது. சிறுநீரகம் பாதித்திருந்தால் இ11.2, கண் என்றால் இ11.3, நரம்பு என்றால் இ11.4, காலுக்குப் போகும் இரத்த ஓட்டம் என்றால் இ11.5. ஆக, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் வந்த பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்பதுதான் அந்தத் தாள் சொல்வது.

பதிவாகவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது. நம் அப்பாக்கள் டாக்டரிடம் ‘ஓகே, ஓகே’ என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து பாதம் எரிகிறது என்பார்கள். உங்கள் அப்பாவும் அப்படிச் சொல்பவர் என்றால், அடுத்த அப்பாயிண்ட்மென்டுக்கு நீங்களே கூடப் போய் அதை டாக்டர் காதில் போடுங்கள். கண் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார் என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள்.